காய்ச்சல் விட்டுடுச்சேன்னு நிம்மதியா இருந்தோம்: செப்சிஸை வீட்டுலயே எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறது

எங்க அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, வயசு 67, சுகர் வந்து 15 வருஷம் ஆச்சு. ஒரு நாள் ராத்திரி அவங்களுக்கு குளிர் நடுக்கத்தோட காய்ச்சல் அடிச்சுது, ரெண்டு போர்வை போத்தியும் கட்டில் ஆடுற அளவுக்கு நடுக்கம், பாராசிட்டமால் குடுத்தோம், காலையில தொட்டுப் பாத்தா உடம்பு சில்லுன்னு இருக்கு, அப்பாடா காய்ச்சல் விட்டுடுச்சுன்னு எல்லாரும் அவங்கவங்க வேலையைப் பாக்க போயிட்டோம். மத்தியானம் என்னைக் கூப்பிட்டு "மாமாவுக்கு காபி குடுத்தியாம்மா"ன்னு கேட்டாங்க. மாமா தவறி ஆறு வருஷம் ஆச்சு. "என்னத்தை சொல்றீங்க"ன்னு கேட்டேன், பதில் இல்ல, கண்ணை மூடிட்டாங்க, சரி அசதி, தூக்கக் கலக்கம்னு நெனச்சு விட்டுட்டேன்.

சாயங்காலம் எதிர் வீட்டு அக்கா வந்தாங்க, ஸ்டாஃப் நர்ஸா இருந்து ரிட்டயர்டு ஆனவங்க. அத்தை கையைப் பிடிச்சாங்க, அவங்க வயித்தையே ஒரு நிமிஷம் பாத்துட்டு நின்னாங்க, அப்புறம் என்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: "கடைசியா எப்போ யூரின் போனாங்க?" எனக்குத் தெரியல. வீட்டுல யாருக்குமே தெரியல. "மூச்சு 32 இருக்கு, உடனே கெளம்புங்க, 108க்கு போன் பண்ணு"ன்னாங்க. ஆஸ்பத்திரில பிபி 80க்கு 50. நாலு நாளா நீர்க்கடுப்பு இருந்திருக்கு, மகன்கிட்டயும் மருமககிட்டயும் எப்படி சொல்றதுன்னு கூச்சப்பட்டுட்டு பல்லைக் கடிச்சுட்டு இருந்திருக்காங்க. அந்த யூரின் தொற்று முத்தி செப்சிஸ் ஆயிடுச்சு. 9 நாள் ஐசியூ. பொழைச்சு வந்தாங்க. அன்னைக்கு அந்த அக்கா வரலேன்னா நாங்க மறுநாள் காலையில தான் கெளம்பிருப்போம், அதை நெனச்சா இப்பவும் எனக்கு வயித்தைப் பெசையுது, அதனால தான் தெரிஞ்சுகிட்டதை எல்லாம் இங்க எழுதுறேன்.

செப்டிக்னா என்னன்னு நாம நெனக்கிறதும், செப்சிஸும்

நம்ம ஊர்ல ஆணி குத்தினா "செப்டிக் ஆயிடும், டிடி போட்டுக்கோ"ன்னு சொல்லுவோம், புண்ணு சீழ் வச்சா செப்டிக்னு சொல்லுவோம். செப்சிஸ் அந்தப் புண்ணோட நிக்கிற விஷயம் இல்ல. எங்கயோ ஒரு இடத்துல கிருமி தொற்று இருக்கு, நுரையீரலோ யூரின் பையோ பித்தப்பையோ கால் புண்ணோ எதுவா வேணா இருக்கலாம், அதை எதிர்த்து நம்ம உடம்பு போடுற சண்டை கட்டுக்கு மீறிப் போயி சொந்த உறுப்புகளையே கெடுக்க ஆரம்பிச்சுடுது, அது தான் செப்சிஸ். முன்னாடி "ரத்தத்துல விஷம் கலந்துடுச்சு"ன்னு சொல்லுவாங்க இல்ல, பெரும்பாலும் அது இதைத் தான். இன்னொண்ணு, ரத்தத்துல கிருமி இல்லாமலே கூட செப்சிஸ் வரும், பிளட் கல்ச்சர்ல, அதாவது ரத்தத்தை எடுத்து கிருமி வளருதான்னு பாக்குற டெஸ்ட்ல, ஒண்ணும் வளரலேன்னு ரிப்போர்ட் வந்தா செப்சிஸ் இல்லேன்னு அர்த்தம் கிடையாது.

உள்ள என்ன நடக்குதுன்னு டாக்டர் சொன்னப்போ எனக்கு எங்க அப்பா வீட்டு வயல் தான் ஞாபகம் வந்துச்சு. ஆத்துல தண்ணி வருது, ஆனா வாய்க்கால் கரை எல்லா இடத்துலயும் உடைஞ்சு கசியுது, வாய்க்காலும் அகலமாயிடுச்சு, அப்போ வேகம் குறைஞ்சு கடைமடைக்கு தண்ணி போய் சேராது. ரத்தக் குழாய் விரிஞ்சு, தண்ணிச்சத்து வெளிய கசிஞ்சு, பிபி இறங்கிடுது, குட்டி குட்டி குழாய்கள்ல ரத்தம் உறைஞ்சு அடைக்கவும் செய்யுது. கிட்னிக்கு ரத்தம் பத்தாம யூரின் குறையும், மூளைக்கு பத்தாம குழப்பம் வரும், கை கால் சில்லுன்னு ஆகும். அத்தையோட உடம்பு காலையில சில்லுன்னு இருந்ததுக்கு அது தான் காரணம், நாங்க தான் காய்ச்சல் விட்டுடுச்சுன்னு நெனச்சுட்டோம்.

அபூர்வமான நோய்னு நெனச்சுடாதீங்க. 2020 ஜனவரில வந்த ஒரு உலகளாவிய ஆய்வுக் கணக்குப்படி 2017ல மட்டும் 4.89 கோடி பேருக்கு செப்சிஸ் வந்துருக்கு, 1.1 கோடி பேர் இறந்துருக்காங்க, அந்த வருஷம் உலகத்துல செத்தவங்கள்ல அஞ்சுல ஒருத்தர். கிட்டத்தட்ட 2 கோடி கேஸ் 5 வயசுக்கு உள்ள இருக்கிற குழந்தைங்க. நம்ம வீடுகள்ல "நிமோனியால போயிட்டாரு", "கிட்னி ஃபெயிலியர் ஆயி போயிட்டாங்க"ன்னு சொல்றதுல எத்தனை இதுன்னு யாருக்கு தெரியும்.

எங்கேர்ந்து ஆரம்பிக்கும்

அதிகமா நாலு இடம்: நெஞ்சு சளி நிமோனியாவா ஆகுறது, யூரின் இன்ஃபெக்ஷன், வயித்துக்குள்ள, அதாவது அப்பெண்டிக்ஸ், பித்தப்பை, குடல் ஓட்டை மாதிரி, அப்புறம் தோல். தோல்னா பெரிய காயமா இருக்கணும்னு இல்ல. 2012ல நியூயார்க்ல ரோரி ஸ்டான்டன்னு 12 வயசுப் பையன், ஸ்கூல் ஜிம்ல விழுந்து முழங்கையில ஒரு சிராய்ப்பு, அடுத்த நாள் காய்ச்சல் வாந்தி கால் வலி, வயித்துக் கோளாறுன்னு சொல்லி வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, சில நாள்ல பையன் போயிட்டான். அதுக்கப்புறம் 2013ல அந்த மாநிலத்துல செப்சிஸை சீக்கிரம் கண்டுபிடிச்சு சிகிச்சை ஆரம்பிக்கணும்னு எல்லா ஆஸ்பத்திரிக்கும் அவன் பேர்லயே விதிமுறை கொண்டு வந்தாங்க.

நம்ம ஊருக்குன்னு சில காரணங்கள் இருக்கு, அதையும் மனசுல வைங்க. மழை முடிஞ்சு பனி ஆரம்பிக்கிற மாசங்கள்ல ஸ்க்ரப் டைஃபஸ், உண்ணிக் காய்ச்சல்னு பேப்பர்ல போடுவாங்களே அது. புதர்ல, வயல்ல இருக்கிற சின்னப் பூச்சி கடிச்சு வர்றது. கடிச்ச இடத்துல சிகரெட்டால சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும், வலிக்காது, அரிக்காது, அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு கீழ, இடுப்புல துணி கட்டுற இடம்னு மறைவான இடத்துல தான் இருக்கும், நாமளே பாத்து டாக்டர்கிட்ட காட்டினா தான் உண்டு. இதுக்கு டாக்ஸிசைக்ளின்னு விலை கம்மியான மாத்திரையே நல்லா கேக்கும், ஆனா வழக்கமா குடுக்கிற நிறைய ஆன்டிபயாட்டிக் கேக்காது. அதே மாதிரி எலிக்காய்ச்சல், பித்த வெடிப்பு இருக்கிற காலோட வெள்ளத் தண்ணிலயோ வயல் சேத்துலயோ நிக்கிறவங்களுக்கு, கண்ணு செவந்து கெண்டைக்கால் தசை தொட முடியாம வலிக்கும். டெங்கு, மலேரியா, டைஃபாய்டு எல்லாமும் இந்த நிலைமைக்கு கொண்டு போகலாம்.

யாருக்கு ரெண்டு மடங்கு கவனமா இருக்கணும்

சுகர் இருக்கிறவங்க முதல்ல. காலு மரத்துப் போயி முள்ளு குத்தினது கூட தெரியாது, விரல் இடுக்குல புரையோடிப் போனதுக்கு அப்புறம் தான் நாத்தம் வந்து தெரியும். எங்க வீட்டுல இப்போ தினமும் ராத்திரி அத்தை காலை டார்ச் அடிச்சு பாக்குறோம், பாதத்துக்கு அடியில, விரல் நடுவுல. அப்புறம் 65 தாண்டினவங்க, கிட்னி டயாலிசிஸ்ல இருக்கிறவங்க, லிவர் கெட்டுப் போனவங்க, ரொம்ப நாளா குடிக்கிறவங்க, யூரின் டியூப் போட்டு வீட்டுல படுக்கையில இருக்கிறவங்க, மண்ணீரல் எடுத்தவங்க, கிட்னி மாத்தினவங்க, ஸ்டீராய்டு சாப்பிடுறவங்க. கேன்சருக்கு கீமோ எடுக்குறவங்களுக்கு ஊசி போட்டு ஒண்ணு ரெண்டு வாரத்துல வெள்ளை அணு குறையும், அந்த நேரத்துல காய்ச்சல் வந்தா ராத்திரி 2 மணியா இருந்தாலும் போகணும், காலையில பாத்துக்கலாம்னு இருக்கவே கூடாது.

பச்சை உடம்புக்காரங்களைப் பத்தி தனியா சொல்லணும். பிரசவம் ஆயி 6 வாரத்துக்குள்ள, இல்ல கரு கலைஞ்சதுக்கு அப்புறம், காய்ச்சல் குளிர் வந்தா நம்ம வீட்டுல "காத்து பட்டுருக்கும்", "பால் கட்டிருக்கும்"னு சொல்லி கஷாயம் குடுத்து நாளைக் கடத்துவாங்க. அடிவயித்து வலி, தீட்டு கெட்ட நாத்தத்தோட வர்றது, தையல் போட்ட இடம் செவந்து நீர் கசியறது, மூச்சு வாங்குறது இதுல எது இருந்தாலும் அன்னைக்கே பிரசவம் பாத்த ஆஸ்பத்திரிக்கு போங்க. பிரசவ ஜன்னின்னு பாட்டிங்க சொல்ற அந்த சாவுல பலதும் இதா இருந்திருக்கலாம். 1847ல வியன்னாவுல செம்மல்வெய்ஸ்னு ஒரு டாக்டர், பிரசவம் பாக்குறதுக்கு முன்னாடி குளோரின் தண்ணில கை கழுவ வச்சதுக்கே அவர் வார்டுல தாய்மார் சாவு பல மடங்கு குறைஞ்சுது. தொப்புள் கொடி விழாத குழந்தையையும் தையல் ஆறாத அம்மாவையும் தொடுறதுக்கு முன்னாடி வர்ற சொந்தக்காரங்க எல்லாரையும் சோப்பு போட்டு கை கழுவ சொல்லுங்க, கோவிச்சுகிட்டா கோவிச்சுக்கட்டும்.

வீட்டுல எப்படி பாக்குறது

காய்ச்சல் எவ்வளவுன்னு மட்டும் பாத்துட்டு இருக்காதீங்க, ஆள் எப்படி இருக்காங்கன்னு பாருங்க. காய்ச்சல் அதிகமாவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், உடம்பு 36 டிகிரி செல்சியஸுக்கு, அதாவது 96.8 ஃபாரன்ஹீட்டுக்கு கீழ இறங்கியும் போகலாம். வயசானவங்களுக்கும் ஸ்டீராய்டு சாப்பிடுறவங்களுக்கும் காய்ச்சலே வராம செப்சிஸ் வரும்.

மொதல்ல மூச்சு. இதுக்கு மெஷின் வேணாம், செகண்ட் முள்ளு இருக்கிற கடிகாரமோ செல்லோ போதும். அவங்ககிட்ட எண்ணப் போறேன்னு சொல்லாதீங்க, சொன்னா மூச்சு மாறிடும். கையைப் பிடிச்சு பல்ஸ் பாக்குற மாதிரி வச்சுகிட்டு வயிறோ நெஞ்சோ ஏறி இறங்குறதை முழுசா ஒரு நிமிஷம் எண்ணுங்க, ஏறி இறங்கினா ஒண்ணு. பெரியவங்களுக்கு சும்மா இருக்கும்போது 12லேர்ந்து 20 வரைக்கும் தான் இருக்கும். 22க்கு மேல போச்சுன்னா உஷார் ஆகுங்க, 25ஐத் தொட்டா கெளம்பிடுங்க. கொரோனா டைம்ல வாங்கின பல்ஸ் ஆக்சிமீட்டர் வீட்டுல இருந்தா அதையும் போட்டுப் பாருங்க, ஆனா கை சில்லுன்னு இருந்தா அது தப்பா காட்டும், 97 காட்டுதுன்னு நம்பி மூச்சு எண்ணாம விட்டுடாதீங்க. பல்ஸ் 100க்கு மேல ஓடுறதும் ஒரு அறிகுறி தான், ஆனா ஹார்ட்டுக்கும் பிபிக்கும் சாப்பிடுற சில மாத்திரை பல்ஸை ஏற விடாது, அதனால பல்ஸ் நார்மல்னு நிம்மதி ஆயிடாதீங்க.

அடுத்தது புத்தி. பேரு, இன்னைக்கு என்ன கிழமை, காலையில என்ன சாப்பிட்டீங்கன்னு கேளுங்க. உளறல், நாக்கு குழறுறது, எழுப்பினா கண்ணு தொறந்துட்டு மறுபடி சொருகுறது, வழக்கமா அமைதியா இருக்கிறவங்க திடீர்னு கத்துறது, வழக்கமா வாயாடுறவங்க சுவத்தையே பாத்துட்டு இருக்கிறது. வயசானவங்க உளறினா "வயசாயிடுச்சு"ன்னு விடுறது தான் நாம எல்லாரும் பண்ற தப்பு, நான் பண்ணின தப்பும் அதே தான். நேத்து நல்லா இருந்தவங்க இன்னைக்கு இப்படி ஆனா அது வயசு இல்ல. சுகர்காரங்களா இருந்தா குளுக்கோமீட்டர்ல உடனே பாருங்க, சுகர் 70க்கு கீழ இறங்கினாலும் இப்படித் தான் உளறுவாங்க, நல்ல முழிப்பு இருந்து முழுங்க முடிஞ்சா சர்க்கரைத் தண்ணி குடுக்கலாம். தொற்று இருக்கும்போது சுகர் பெரும்பாலும் எகிறும், அத்தைக்கு 430 இருந்துச்சு.

அப்புறம் யூரின். உடம்பு சரியில்லாதவங்க வீட்டுல இருந்தா இதை யாராவது ஒருத்தர் கணக்கு வச்சுக்கணும், எத்தனை மணிக்கு போனாங்க, என்ன நிறம், எவ்வளவு. 12 மணி நேரமா போகலேன்னா, இல்ல போறது கொஞ்சமா டீ டிகாஷன் மாதிரி இருந்தா, அது கிட்னி தவிக்கிற அறிகுறி. அத்தை மாதிரி கூச்சப்படுறவங்க நாமளா கேட்டா தான் சொல்லுவாங்க. கேளுங்க.

தோலைப் பாக்கும்போது நம்ம மாநிறத்துக்கும் கறுப்புக்கும் செவப்பு, நீலம் எல்லாம் சட்டுன்னு தெரியாது, உள்ளங்கை, உள்ளங்கால், நகம், உதடு, கண் இமையோட உள்பக்கம் இங்க எல்லாம் பாருங்க, வெளுத்தோ நீலமாவோ திட்டுத் திட்டாவோ இருக்கும், முட்டிக்கு மேல வலை பின்னின மாதிரி தெரியும். விரல் நகத்தை 5 செகண்ட் அழுத்திட்டு விடுங்க, வெளுத்த இடத்துல ரத்தம் 2 செகண்டுக்குள்ள திரும்பணும், 3 செகண்டோ அதுக்கு மேலயோ ஆனா ரத்த ஓட்டம் மந்தம். சின்னச் சின்ன சிவப்பு ஊதாப் புள்ளி வந்து, கண்ணாடி டம்ளர் வச்சு அழுத்தினாலும் மறையலேன்னா ஒரு நிமிஷம் கூட தாமதிக்காதீங்க.

கடைசியா, அவங்களே "என்னமோ பண்ணுது, நான் பொழைக்க மாட்டேன் போல இருக்கு"ன்னு சொன்னா அதை பயம்னு ஒதுக்காதீங்க. செப்சிஸ் வந்து தப்பிச்ச நிறைய பேர் அந்த உணர்ச்சியைத் தான் சொல்றாங்க, இங்கிலாந்துல மக்களுக்கு சொல்லிக் குடுக்கிற அறிகுறிப் பட்டியல்லயே அது ஒண்ணா இருக்கு.

கைக்குழந்தைங்களுக்கு கணக்கு வேற. 2 மாசத்துக்கு உள்ள நிமிஷத்துக்கு 60, 2 மாசத்துலேர்ந்து 1 வயசு வரைக்கும் 50, 1லேர்ந்து 5 வயசு வரைக்கும் 40, இதைத் தொட்டாலே அது வேக மூச்சு. அதை விட முக்கியம் பால் குடிக்காம இருக்கிறது, அழுகை ஈனஸ்வரமா போறது, துணி மாதிரி தொவண்டு போறது, மூச்சு விடும்போது நெஞ்சுக்குழி உள்ள இழுக்கிறது, வலிப்பு, தொப்புளைச் சுத்தி செவந்து இருக்கிறது. மாந்தம், சீர்னு சொல்லி வசம்பு சுட்டு நாக்குல தடவி மந்திரிச்சுட்டு இருக்கிற நேரம் இது கிடையாது. பச்சக் குழந்தைக்கு உடம்பு சில்லுன்னு போறதும் காய்ச்சல் அளவுக்கு ஆபத்து.

அந்த நேரத்துல என்ன செய்யணும், என்ன செய்யக் கூடாது

தொற்று இருக்குன்னு தெரியுது, இல்ல சந்தேகமா இருக்கு, கூட மேல சொன்னதுல ஒண்ணு இருந்தாலும் 108ஐக் கூப்பிடுங்க, இல்ல வண்டி இருந்தா நேரா ஐசியூ இருக்கிற ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டிக்கு போங்க. தெரு முனை கிளினிக்ல டோக்கன் போட்டு உக்காராதீங்க. "ஒரு ஊசி போட்டா சரியாயிடும்"னு மருந்துக் கடைக்காரர்கிட்டயோ டாக்டர் இல்லாத ஆள்கிட்டயோ ஊசி போட்டுக்காதீங்க, அந்த ஊசில ஸ்டீராய்டு இருந்தா காய்ச்சல் அடங்கி ஆள் தெளிஞ்ச மாதிரி தெரியும், உள்ள நோய் ஏறிட்டே இருக்கும். போன தடவை மிச்சம் வச்ச ஆன்டிபயாட்டிக் ரெண்டு மாத்திரைய குடுத்துப் பாக்காதீங்க. வலிக்குதுன்னு டைக்ளோஃபெனாக் மாதிரி மாத்திரை குடுக்காதீங்க, ஏற்கனவே தவிக்கிற கிட்னிய அது இன்னும் கெடுக்கும். சொருகிட்டு இருக்கிறவங்க வாயில தண்ணியோ கஞ்சியோ ஊத்தாதீங்க, நுரையீரலுக்குள்ள போயிடும். வழக்கமா போடுற பிபி மாத்திரையையும் டாக்டரைக் கேக்காம குடுக்காதீங்க, பிபி ஏற்கனவே இறங்கி இருக்கலாம்.

போகும்போது மாத்திரை அட்டை எல்லாத்தையும் ஒரு பையில அள்ளிப் போட்டுக்கோங்க, எந்த மருந்து ஒத்துக்காதுன்னு தெரிஞ்சா எழுதிக்கோங்க. அங்க போனதும் நாலு பேர் நாலு விதமா பேசாம ஒருத்தர் மட்டும் பேசுங்க, இப்படி: "டாக்டர், இவங்களுக்கு சுகர் இருக்கு, 4 நாளா நீர்க்கடுப்பு, நேத்து ராத்திரி குளிர் ஜுரம், நேத்து வரைக்கும் நல்லா பேசினாங்க, இன்னைக்கு மத்தியானத்துலேர்ந்து உளறுறாங்க, காலையிலேர்ந்து யூரின் போகல, இது செப்சிஸா இருக்குமா?" அந்தக் கடைசி கேள்விய கேக்கத் தயங்காதீங்க. டாக்டருக்கு பாடம் எடுக்குற மாதிரி ஆயிடுமோன்னு யோசிப்போம், எனக்கும் அந்தத் தயக்கம் இருந்துச்சு, ஆனா கூட்டமா இருக்கிற கேஷுவாலிட்டில "ரெண்டு நாளா காய்ச்சல்"னு மட்டும் சொன்னா அந்த வரிசையில தான் நிக்க வைப்பாங்க, "நேத்து இப்படி இல்ல"ங்கிறதை கூட இருக்கிற நம்மளால மட்டும் தான் சொல்ல முடியும்.

உள்ள போனதும் என்ன நடக்கும்னு தெரிஞ்சா கொஞ்சம் பதட்டம் குறையும். ஆன்டிபயாட்டிக் போடுறதுக்கு முன்னாடி பிளட் கல்ச்சருக்கு ரத்தம் எடுப்பாங்க, ரத்தத்துல லாக்டேட்ங்கிற அமிலத்தோட அளவைப் பாப்பாங்க, உறுப்புகளுக்கு ரத்தம் பத்தலேன்னா அது ஏறும். பிபி இறங்கின ஷாக் நிலைமைன்னா ஒரு மணி நேரத்துக்குள்ள ஆன்டிபயாட்டிக் போடணும்னு 2021ல வந்த சர்வதேச வழிகாட்டுதல் சொல்லுது. 2006ல வந்த ஒரு ஆய்வுல பிபி இறங்கினதுக்கு அப்புறம் முதல் ஆறு மணி நேரத்துல, சரியான மருந்து ஒவ்வொரு மணி நேரம் தள்ளிப் போகவும் பொழைக்கிற வாய்ப்பு சராசரியா 7.6 சதவீதம் குறைஞ்சுகிட்டே வந்துச்சு. குளுக்கோஸ் பாட்டில்னு நாம சொல்ற டிரிப்ஸ், பெரும்பாலும் உப்புத் தண்ணி தான், 60 கிலோ ஆளுக்கு மொத 3 மணி நேரத்துல சுமார் 1.8 லிட்டர் வரைக்கும் ஏத்துவாங்க, அப்பவும் பிபி ஏறலேன்னா அதை ஏத்துறதுக்கு நார்அட்ரினலின்னு ஒரு மருந்தை ஓட விடுவாங்க. சீழ் கட்டி இருந்தா கீறி எடுக்கணும், கல்லு அடைச்சு யூரின் தேங்கி இருந்தா டியூப் வச்சு வடிக்கணும், மருந்து மட்டும் போதாது, அதனால அவசரமா ஆபரேஷனுக்கு கையெழுத்து கேட்டா ஏன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க, ரெண்டு நாள் பாக்கலாம்னு தள்ளாதீங்க. கல்ச்சர் ரிப்போர்ட் வர ரெண்டு மூணு நாள் ஆகும், அதுக்கப்புறம் மருந்தை மாத்துவாங்க, முதல்ல குடுத்தது தப்புன்னு அர்த்தம் இல்ல.

வீட்டுக்கு வந்ததுக்கு அப்புறம்

இதை யாரும் எங்களுக்கு சொல்லல. அத்தை நடந்து தான் வந்தாங்க, ஆனா பாத்ரூம் போயிட்டு வந்தாலே மூச்சு வாங்கும், ராத்திரி கெட்ட கனவு, ஐசியூல பக்கத்து பெட்ல யாரோ நின்னாங்கன்னு பயப்படுவாங்க, ஒரு மாசம் கழிச்சு முடி கொத்துக் கொத்தா கொட்டுச்சு, மளிகைக் கணக்கு மறந்துடும், அதுக்கே அழுவாங்க. இது எல்லாம் செப்சிஸுக்கு அப்புறம் நிறைய பேருக்கு வர்றது, மாசக்கணக்குல நீடிக்கும், சோம்பேறித்தனமும் இல்ல சாமியாட்டமும் இல்ல. கொஞ்சம் கொஞ்சமா நடக்க வைங்க, முட்டை, பருப்பு, மீன்னு புரதம் குடுங்க, கிட்னி பாதிச்சவங்களுக்கு மட்டும் எவ்வளவுன்னு டாக்டரைக் கேட்டுக்கோங்க. மொத மூணு மாசத்துல மறுபடி தொற்று வந்து ஆஸ்பத்திரி போறவங்க நிறைய, அதனால குறிச்சுக் குடுத்த ஆன்டிபயாட்டிக்கை கடைசி மாத்திரை வரைக்கும் குடுங்க, நிமோனியா தடுப்பூசி, ஃப்ளூ தடுப்பூசி போடலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. டிஸ்சார்ஜ் சம்மரியையும் கல்ச்சர் ரிப்போர்ட்டையும் போட்டோ எடுத்து வீட்டுல எல்லார் செல்லுலயும் வைங்க, அடுத்த தடவை எந்த மருந்து கேக்கும்னு டாக்டருக்கு அது தான் வழி காட்டும்.

எங்க வீட்டு ஃபிரிட்ஜ் கதவுல இப்போ ஒரு காகிதம் ஒட்டிருக்கு, மூச்சு எத்தனை, யூரின் எப்போ, பேச்சு எப்படின்னு மூணு கட்டம், யாருக்கு காய்ச்சல் வந்தாலும் நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா எழுதுறோம். அத்தையே கண்ணாடி போட்டுகிட்டு வந்து எழுதியிருக்கான்னு பாக்குறாங்க.